முக்காலியோடு நடந்தவர் - யூஜேன் அட்ஜே (1857-1927)

பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இரண்டாம் எண் மெட்ரோ ரயில் தரைக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது ஓடும் இடத்தில் இறங்கி, ஃபோபூர் சேன் தெனி தெருவுக்குள் நுழைந்தால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, புடவை, நகை, தமிழில் எழுதிய கடைப் பலகைகள் என்று வரிசையாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தெருவைப் படம் பிடிக்கலாம் என்று என்னுடைய 4க்கு 5 அங்குல பிலிம் காமிராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போனேன். ஏழரை மணிக்கு முக்காலியை விரித்துத் தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டேன். கடை திறக்க வந்த பெரியவர் ஒருவர், தெருவை அளக்க மாநகராட்சி அனுப்பிய ஆளா நான் என்று விசாரித்தார். அவருக்குப் பதில் சொல்லித் திரும்புவதற்குள் வாழைக்குலை ஏற்றிய வண்டி ஒன்று வந்து, நான் எடுக்க நினைத்த கடைக்கு நேர் முன்னால் நின்றுவிட்டது. அது நகர்ந்தபோது மணி ஒன்பது. அதற்குள் தெரு நிறைந்துவிட்டது, வெளிச்சமும் மாறிவிட்டது.

ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன்னால் இதே நகரத்தில் இதைவிடப் பெரிய காமிராவோடு முப்பது வருடங்கள் நடந்த ஒருவர் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். அவர் பெயர் யூஜேன் அட்ஜே. (எழுத்தில் கடைசியாக வரும் 'ட்' ஒலிக்காது.) புகைப்பட வரலாற்று நூல்கள் எதிலும் அவர் பெயர் விடுபடுவதில்லை. ஆனால் அவர் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதே இல்லை.

அட்ஜே 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி, பிரான்சின் தென்மேற்கே போர்தோ நகருக்கு அருகிலுள்ள லிபூர்ன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வண்டி கட்டும் தொழிலாளி. சிறு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த அட்ஜே, தாய்வழித் தாத்தா பாட்டியிடம் போர்தோவில் வளர்ந்தார். கொஞ்ச காலம் கப்பலில் வேலை பார்த்தார். 1878ல் பாரிஸ் வந்தபோது அவருக்கு ஒரே ஆசைதான் இருந்தது: நடிகராக வேண்டும். தேசிய நாடகப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் முதல் முறை தோற்றார். மறு வருடம் இடம் கிடைத்தது. ஆனால் கட்டாய ராணுவ சேவையும் அதே சமயத்தில் வந்து சேர்ந்தது. முகாமுக்கும் வகுப்புக்குமாக அலைந்து வகுப்புகளைத் தவறவிட்டதால் 1881ல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்களில் சின்னச் சின்ன வேடங்கள். அந்த வாழ்க்கையில்தான் 1886ல் வாலண்டின் என்ற நடிகையைச் சந்தித்தார். அவர் 1926ல் இறக்கும் வரை நாற்பது வருடங்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1887ல் தொண்டையில் நோய் கண்டு குரல் கெட்டுப்போக, அட்ஜேயின் நாடக ஆசை அதோடு முடிந்தது.

முப்பது வயது, கையில் தொழில் இல்லை. கொஞ்சம் ஓவியம் வரைந்து பார்த்தார், சரிப்படவில்லை. ஆனால் ஓவியர்களோடு பழகியதில் அவர்களுக்கு என்ன தேவை என்பது தெரிந்தது. மரம், பூ, படிக்கட்டு, கதவு, விலங்கு என்று பார்த்து வரைவதற்கு நம்பகமான படங்கள் அவர்களுக்கு வேண்டியிருந்தன. அட்ஜே காமிராவைக் கையில் எடுத்தது இதற்காகத்தான். 1890 வாக்கில் பாரிஸில் கடை போட்டபோது, ஓவியர்களுக்கான ஆவணங்கள் இங்கே கிடைக்கும் என்பதே அவர் வைத்த விளம்பரப் பலகை. வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, யாருக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும், எந்த நேரத்தில் போனால் ஆளைப் பார்க்கலாம் என்பதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பேடு இன்றும் இருக்கிறது. கட்டடக் கலைஞர்கள், மேடை அலங்காரம் செய்பவர்கள், இரும்பு வேலைக்காரர்கள், நூலகங்கள் என்று அதில் பலர். படம் எடுப்பது பாதி வேலை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி விற்பது மீதிப் பாதி.

1897ல் பாரிஸ் நகராட்சி பழைய பாரிஸைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. ஹாஸ்மன் காலத்து இடிப்பில் தப்பியிருந்த பழைய தெருக்களும் இனி போய்விடும் என்ற கவலை அப்போது பலருக்கு வந்திருந்தது. அட்ஜேயும் அந்தக் காலத்தில்தான் ஓவியர்களுக்கான மரம் செடிகளை விட்டு, தெருக்களின் பக்கம் திரும்பினார். அதன் பிறகு அவர் செய்த வேலை ஒன்றுதான். நாள்தோறும் விடியுமுன் எழுந்து, காமிராவைச் சுமந்து, பாரிஸை ஒவ்வொரு தெருவாகப் படம் பிடிப்பது.

அந்தக் காமிராவைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. மரத்தால் ஆன உடம்பு, நடுவில் துருத்தி, முன்னால் லென்ஸ், பின்னால் 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டு. பிலிம் சுருளும் கைக்காமிராவும் அவர் காலத்திலேயே வந்துவிட்டன. அவற்றை அவர் ஏற்கவில்லை. தொழிற்சாலையில் தயாரித்து விற்ற உலர்ந்த கண்ணாடித் தட்டுகளையே வாங்கிப் பயன்படுத்தினார். அந்த அளவில் ஒரு கண்ணாடித் தட்டு நூறு, நூற்றைம்பது கிராமுக்குக் குறையாது. ஒரு டஜன் தட்டு, அவற்றை வெளிச்சம் படாமல் வைக்கும் மரச் சட்டங்கள், காமிரா, மர முக்காலி எல்லாம் சேர்த்து 18 கிலோவுக்குக் குறையாது என்பார்கள். இதைத் தூக்கிக்கொண்டு மோன்பர்னாஸில் ஐந்து மாடி இறங்க வேண்டும், வேலை முடிந்ததும் ஐந்து மாடி ஏற வேண்டும். 1899லிருந்து அவர் கடைசி வரை குடியிருந்த வீடு அங்கேதான்.

பெரிய காமிராவில் வெளியிடத்தில் வேலை செய்வது எப்படி என்று அறியாதவர்களுக்காக ஒரு படத்தின் கதையைச் சொல்கிறேன். முதலில் காமிரா இல்லாமல் நடந்து பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டும். முக்காலியை வைத்துவிட்டு இடம் தேடுகிறவன் நான்கு தடவை பாரம் தூக்குவான். (நான் தூக்கியிருக்கிறேன்.) அடுத்து முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். சரிவான தெருவில் ஒரு காலைச் சரிவின் கீழ்ப்பக்கம் வைப்பது பாதுகாப்பு. பிறகு காமிராவை ஏற்றி, லென்ஸை முழுதாகத் திறந்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பின்னாலிருக்கும் சொரசொரப்பான கண்ணாடியைப் பார்த்தால், தெரு தலைகீழாகத் தெரியும். இடம் வலமும் மாறியிருக்கும். முதல் நாட்களில் இது பெரிய தொல்லை. பழகிய பின் அதுவே உதவியாகிவிடும். தலைகீழாகப் பார்க்கும்போது அது கடை என்பதும் மரம் என்பதும் கொஞ்சம் மறந்துபோய், எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம், எந்தக் கோடு எங்கே போகிறது என்பது மட்டும் தெரியும்.

கூர்மை சரியானதும் லென்ஸின் துளையைச் சிறிதாக்க வேண்டும். அப்போதுதான் அருகிலிருக்கும் நடைபாதைக் கல்லும் தூரத்துக் கோபுரமும் ஒன்றாகத் தெளிவாக விழும். ஆனால் துளை சிறிதானால் வெளிச்சம் குறையும், நேரம் கூடும். லென்ஸை மூடி, தட்டுச் சட்டத்தைச் செருகி, அதன் மறைப்புப் பலகையை உருவி, காற்று அடங்கும் வரை நின்று, மூடியைக் கழற்றி மனதுக்குள் எண்ணி, மறுபடி மூட வேண்டும். பலகையைத் திரும்பச் செருகியதும் இது எடுத்த தட்டு, இது எடுக்காத தட்டு என்பதற்கு அடையாளம் வைக்க வேண்டும். ஒரே தட்டில் இரண்டு படம் விழுவதும் பலகையை மறந்து இழுத்துத் தட்டு வீணாவதும் இன்றைக்கும் இந்தக் காமிராக்காரர்கள் அத்தனை பேருக்கும் நேர்வதுதான். கலர் பிலிமில் ஒரு தாள் வீணானால் லா சப்பலில் ஒரு தோசை போயிற்று என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். தட்டு விற்ற காசில் குடும்பம் நடத்திய அட்ஜேக்கு அந்தக் கணக்கு இன்னும் கடுமையாக இருந்திருக்கும்.

அதனால் அவர் வரிசையை மாற்றுவதில்லை, அவசரப்படுவதுமில்லை. முப்பது வருடங்களில் அவர் எடுத்தவை ஏறத்தாழ 8,500 தட்டுகள். வகுத்துப் பார்த்தால் வருடத்துக்கு முந்நூறுக்கும் குறைவு, அதாவது நாளொன்றுக்கு ஒன்றுகூட இல்லை. இன்று ஒரு கல்யாணத்தில் ஒரு மணி நேரத்தில் அதைவிட அதிகம் எடுக்கிறார்கள்.

விடியற்காலை என்றேன். அட்ஜே படங்களில் தெருக்கள் ஆளற்றுக் கிடப்பதைப் பார்த்து ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1930களில் அவற்றைக் குற்றம் நடந்த இடத்தின் படங்களோடு ஒப்பிட்டார். அந்தக் கருத்து பிரபலமாகி, அட்ஜே தனிமையின் கவிஞர் என்றெல்லாம் எழுதினார்கள். எனக்கு அதில் மறுப்பில்லை, ஆனால் காரணத்தின் பெரும்பகுதி நடைமுறை சார்ந்தது என்றே நினைக்கிறேன். வண்டிகளும் ஆட்களும் வருமுன் எடுக்காவிட்டால் கட்டடம் மறைந்துபோகும்; வாடிக்கையாளர் காசு கொடுத்தது கட்டடத்துக்கு. தவிர, சில விநாடிகள் திறந்து வைக்கும் லென்ஸின் முன்னால் நடந்துபோகிறவர் பதிவதில்லை. நின்று நின்று போனால் புகை மாதிரி ஒரு கறை விழும். அட்ஜே படங்களில் இப்படிப்பட்ட பேய்கள் நிறைய உண்டு. கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கடைக்காரரின் முகம், கால் மட்டும் தெரியும் ஒரு வழிப்போக்கர், குதிரை இருந்த இடத்தில் ஒரு மங்கல். ஆட்கள் வேண்டும் என்று அவர் நினைத்தபோது அவர்களை அசையாமல் நிறுத்தி எடுத்தார். 1898க்கும் 1900க்கும் இடையில் எடுத்த தெருத் தொழிலாளர் வரிசையில் விளக்குக் கூண்டு விற்பவர், கைப்பெட்டி இசைக்காரர், அவரோடு பாடும் பெண் எல்லோரும் அப்படி நின்றவர்கள்தான். அந்தப் பாடும் பெண் சிரிக்கிறார். நாடகக்காரருக்கு ஆட்களை நிறுத்தத் தெரியாதா என்ன!

கூட்டமே தானாக அசையாமல் நின்ற ஒரு நாளும் அவருக்கு வாய்த்தது. 1912 ஏப்ரல் 17ஆம் தேதி சூரிய கிரகணம். பாஸ்தீய் சதுக்கத்தில் மக்கள் கையில் கண்ணாடியோடு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அட்ஜே வானத்தை விட்டுவிட்டு அவர்களைப் படம் பிடித்தார்.

உயரமான கட்டடத்தைத் தெருவிலிருந்து எடுக்கக் காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றோடொன்று சாய்வதுபோல் விழும். காமிராவை நேராக வைத்துவிட்டு, லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே உயர்த்தினால் சுவர் நேராக நிற்கும், உச்சியும் கிடைக்கும். பெரிய காமிராவின் முக்கிய வசதி இதுதான். ஆனால் லென்ஸ் தரும் வட்டமான பிம்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் உயர்த்தினால் தட்டின் மேல் மூலைகள் இருண்டு வளைவாகத் தெரியும். அட்ஜேயின் பல படங்களில் இந்தக் கறுப்பு மூலைகளைக் காணலாம். பரிசோதனைக்காரர் செய்த புதுமை என்று இதற்கும் பிற்காலத்தில் விளக்கம் வந்தது. கோபுரத்தின் உச்சி வேண்டும், மூலை போனால் போகட்டும் என்று அவர் முடிவு செய்தார் என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் கேட்ட விவரம் படத்தில் இருந்தால் போதும். வானம் வெளுத்துக் கிடப்பதும் இப்படியே. அந்தத் தட்டுகளுக்கு நீல நிறம் மிக அதிகமாக உறைக்கும், ஆகவே வானம் எப்போதும் வெற்று வெள்ளை.

வீட்டுக்கு வந்த பின் இருட்டறை வேலை. தட்டை டெவலப் செய்து, கழுவி, காய வைத்து, மூலையில் எண்ணைக் கீறுவார். பெரிதாக்கும் வேலை கிடையாது. தட்டையும் காகிதத்தையும் சட்டத்தில் ஒன்றோடொன்று சேர்த்து வைத்து வெயிலில் காட்டினால், அந்தக் காலத்துக் காகிதத்தில் படம் கண்ணெதிரே கறுத்து வரும். தங்க உப்பில் நிறம் ஏற்றி, ஹைப்போவில் நிலைப்படுத்தினால் அச்சு தயார். படத்தின் அளவு தட்டின் அளவுதான், அதனால்தான் தட்டு அவ்வளவு பெரிதாக வேண்டியிருந்தது. பாரிஸின் குளிர்காலத்தில் வெயிலை நம்பித் தொழில் செய்வது எத்தகையது என்று அங்கே ஒரு டிசம்பரைக் கழித்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

அவருடைய ஒழுங்கில் என்னை அதிகம் கவர்ந்தது எண்ணும் பெயரும்தான். ஒவ்வொரு அச்சின் பின்புறத்திலும் தெருப் பெயர், கதவு எண், இன்னார் மாளிகை, எந்த வட்டாரம் என்பதைக் கையால் எழுதினார். படங்களை எடுத்த வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று ஓட்டிக்கொண்டு போகவில்லை. பழைய பாரிஸின் கலை, அன்றாடப் பாரிஸ், நகர்ப்புறச் சுற்றூர்கள், மரம் செடிகள், இடவிவரணம் என்று தனித்தனி வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்கள். கணினியில் தகவல் சேமிப்பு வேலை பார்ப்பவனுக்கு இதைப் பார்த்தால் மரியாதை வரும். 1906ல் பாரிஸ் நகர வரலாற்று நூலகம் பழைய வட்டாரங்களைத் தெருத் தெருவாக எடுத்துத் தரும் வேலையை அவரிடம் கொடுத்ததற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணமாக இருந்திருக்கும். 1910லிருந்து 1915க்குள் வண்டிகள், வீட்டு உட்புறங்கள், கடைகளும் தொழில்களும், பழைய கடைப் பலகைகள், நகர மதிலுக்கு வெளியே குடிசை போட்டு வாழ்ந்த குப்பை பொறுக்குவோர், இடியப்போகும் அந்த மதில் என்று ஆல்பங்கள் தயாரித்துத் தேசிய நூலகத்துக்கு விற்றார்.

இவ்வளவு நேர்மையான ஆவணக்காரர் ஒரு இடத்தில் குறும்பும் செய்திருக்கிறார். வீட்டு உட்புற ஆல்பத்தில் வேறு யாரோ ஒருவர் வீடு என்று தலைப்பிட்ட சில படங்கள் உண்மையில் அவருடைய சொந்த வீடே. வாடகைக்கு மேடை தேடாத நாடகக்காரர்!

நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பான ஒருவர் உண்டு. அட்ஜே பிறந்த அதே 1857ஆம் ஆண்டு டிசம்பரில், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி தமிழகத்துக் கோயில்களை எடுக்கப் பயணம் புறப்பட்டார். 12க்கு 15 அங்குல அளவுள்ள, மெழுகேற்றிய காகித நெகட்டிவ்கள் அவருடையவை. மதுரை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஆனால் அவருக்குப் பின்னால் அரசு இருந்தது, உதவியாளர்கள் இருந்தார்கள். இது வீண் செலவு என்று ஆளுநர் ட்ரெவெல்யன் முடிவெடுத்ததும் அந்த வேலை நின்றது. அட்ஜேயை அப்படி நிறுத்த யாருமில்லை, சம்பளம் கொடுக்கவும் யாருமில்லை.

இங்கே லா சப்பலைப் பற்றி ஒரு வார்த்தை. 1860 வரை தனிக் கிராமமாக இருந்து பாரிஸோடு சேர்க்கப்பட்ட பகுதி இது. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வந்து கடை போட்டுத் தங்களுக்கென்று ஒரு தெருவை இங்கே உண்டாக்கினார்கள். மாணிக்க விநாயகர் ஆலயம் 1985ல் தொடங்கப்பட்டது. கோடை முடிவில் தேர் வரும்போது தேங்காய் உடைக்கும் படங்களை உலகமே எடுக்கிறது. ஆனால் தேர் இல்லாத நாட்களின் தெரு? அந்த வருடங்களில் ஊருக்கு அனுப்பிய படங்களை நண்பர்கள் வீட்டு ஆல்பங்களில் பார்த்திருக்கிறேன். பின்னணியில் ஐஃபில் கோபுரம் இருக்கும், கடன் வாங்கிய கோட்டு இருக்கும். பாத்திரம் கழுவிய உணவக அடுக்களையும், ஐந்து பேர் படுத்த அறையும், முதல் மளிகைக் கடையின் பலகையும் இருக்காது. அம்மாவுக்கு அதையா அனுப்புவார்கள்! ஆனால் அந்தப் பலகை எந்தக் கதவு எண்ணில் இருந்தது என்று இன்று கேட்டால் மூன்று பேர் மூன்று இடத்தைக் காட்டுகிறார்கள். அட்ஜே கசாப்புக் கடை, காய்கறித் தட்டு, உள்பாவாடை தொங்கும் கடைமுகப்பு என்று யாரும் பொருட்படுத்தாதவற்றின் முன்னால் முக்காலியை வைத்தவர். லா சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய லா வியெத் பகுதியில் 1921ல், ஓர் ஓவியர் கேட்டதற்காக, தெருவில் நின்று தொழில் செய்த பெண்களை அவர் எடுத்திருக்கிறார். அந்தப் பெண்கள் கூசாமல் காமிராவை நேராகப் பார்க்கிறார்கள். கறுப்புத் துணிக்குள் ஒளிந்து, நீண்ட நேரம் எதிரே நிற்கும் காமிராவால் திருட்டுத்தனமாகப் படம் எடுக்க முடியாது. எதிரில் இருப்பவர் சம்மதித்துத்தான் ஆக வேண்டும்.

முதல் உலகப் போர் அவரை உடைத்தது. வாலண்டினின் மகன் 1914ல் போரில் இறந்தார். அட்ஜே தட்டுகளைப் பாதாள அறையில் அடுக்கிவிட்டு வேலையை ஏறக்குறைய நிறுத்தினார். 1920ல், அறுபத்து மூன்று வயதில், தாம் இறந்தால் இவற்றுக்கு என்ன ஆகும் என்ற பயம் வந்தது. நுண்கலைத் துறையின் இயக்குநர் போல் லெயோனுக்குக் கடிதம் எழுதினார். பழைய பாரிஸ் முழுவதும் தம்மிடம் இருப்பதாகவும், தமக்குப் பின் மதிப்புத் தெரியாதவர் கையில் அது போய்விடக் கூடாது என்றும் அதில் தெரிவித்தார். அரசு 2,621 தட்டுகளை 10,000 பிராங்குக்கு வாங்கியது. தட்டுக்கு நான்கு பிராங்குகூட ஆகவில்லை. ஆயினும் அந்தத் தொகை அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது.

அவருடைய மிக நல்ல படங்கள் பல அதற்குப் பிறகு வந்தவை. வாடிக்கையாளர் கேட்டதற்காக ஓடாமல், வெர்சாய், சேன் க்ளூ பூங்காக்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார். ஒரே குளம், ஒரே மரத்தின் வேர், வேறு வேறு பருவம். 1925ல் மார்ச்சிலிருந்து ஜூன் வரை, கவனிப்பாரற்றுக் கிடந்த ஸோ பூங்காவில் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றில் பலவற்றின் தலைப்பில் மாதத்தோடு மணியும் இருக்கிறது: மார்ச், காலை ஏழு மணி என்பது மாதிரி. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. வயிற்றுப் புண்ணால் ரொட்டி, பால், சர்க்கரை தவிர வேறெதையும் சாப்பிடுவதை விட்டு நெடுநாள் ஆகியிருந்தது. அந்த உடம்போடு ஏழு மணிக்கு அங்கே முக்காலியை விரித்திருக்க வேண்டுமானால் எத்தனை மணிக்கு ஐந்து மாடி இறங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் வசித்த அதே தெருவில் குடியிருந்த அமெரிக்கக் கலைஞர் மான் ரே அவரைக் கண்டுபிடித்தார், அல்லது கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டார். சர்ரியலிஸ்டுகளின் பத்திரிகை 1926ல் அட்ஜேயின் படங்களை வெளியிட்டது. அந்தக் கிரகணக் கூட்டம் அட்டைப்படமாக வந்தது. தம் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று அட்ஜே கேட்டுக்கொண்டார். புதிய சிறிய காமிரா தருகிறேன் என்று மான் ரே சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. அது தம் நிதானத்துக்கு ஒத்துவராத வேகம் என்பது அவர் எண்ணம்.

மான் ரேயிடம் இருட்டறை உதவியாளராக இருந்த பெரனிஸ் அபட் என்ற இளம் அமெரிக்கப் பெண்தான் அட்ஜேயை உண்மையில் புரிந்துகொண்டவர். அந்த ஐந்து மாடியும் ஏறிப் போய், கையிலிருந்த காசுக்கு ஏற்பப் படங்கள் வாங்கினார். 1927ல் அட்ஜேயைத் தம் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் படம் எடுத்தார். ஒட்டுப்போட்ட வேலைச் சட்டையோடு வருவார் என்று அபட் எதிர்பார்த்திருக்க, கிழவர் நல்ல மேல்கோட்டு அணிந்து வந்து நின்றார். அச்சுப் போட்ட படங்களைக் காட்ட அபட் அவர் வீட்டுக்குப் போனபோது அட்ஜே உயிரோடு இல்லை. 1927 ஆகஸ்டு 4ஆம் தேதி காலமாகிவிட்டிருந்தார்.

வீட்டில் மிஞ்சிய தட்டுகளும் அச்சுகளும் அவருடைய நாடக நாளைய நண்பர் ஆந்த்ரே கால்மெத்திடம் வந்து சேர்ந்தன. மறு வருடம் அபட் அவரைத் தேடிப் பிடித்து, கடன் வாங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களையும் பல ஆயிரம் அச்சுகளையும் வாங்கினார். நியூயார்க்குக்குக் கப்பலில் கொண்டு போனார். 1930ல் அட்ஜேயின் படங்கள் முதன்முதலாக நூலாக வந்தன. அபட் தாமும் 8க்கு 10 அங்குலக் காமிராவை எடுத்துக்கொண்டு 1930களில் மாறிக்கொண்டிருந்த நியூயார்க்கைத் தெருத் தெருவாக எடுத்தார். நாற்பது வருடங்கள் அட்ஜேயின் கண்ணாடிகளைத் தம்மோடு வைத்துக் காப்பாற்றி, 1968ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு விற்றார்.

அருங்காட்சியகம் அவற்றை 1981 முதல் 1985 வரை நான்கு நூல்களாக வெளியிட்டது. அதற்கு முன் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பெரும்பாலான படங்களில் ஆண்டு இல்லை. எண் மட்டும் இருந்தது, அந்த எண்களும் முன்னுக்குப் பின் முரணாகத் தெரிந்தன. மரியா மாரிஸ் ஹாம்பர்க் என்ற ஆய்வாளர், பொருள்வாரியாக அட்ஜே ஓட்டிய வரிசைகளைப் பிரித்து, நூலகங்களின் வாங்கல் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, எந்த எண் எந்த வருடம் என்பதைக் கண்டறிந்தார். அட்ஜே ஒவ்வொரு தட்டின் மூலையிலும் கீறிய அந்த எண்களிலிருந்தே அவருடைய முப்பது வருட வேலைக்கு ஒரு காலவரிசை கிடைத்தது.